ஜம்ப் சீட்: குதிக்காத இருக்கைக்குத் தமிழில் என்ன பெயர்?

பெங்களூரில் விமானப் பணிப்பெண் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி விடுமுறைக்குத் தருமபுரி வந்தபோது கேட்டாள்: "பெரியப்பா, ஜம்ப் சீட்டுக்குத் தமிழ்ல என்ன? போன்ல போட்டா குதிக்கும் இருக்கைன்னு வருது." ஜம்ப் என்றால் குதி, சீட் என்றால் இருக்கை, போன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த இருக்கையில் யாரும் குதிப்பதில்லை. இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பட்டை போட்டு இறுக்கிய பிறகு குதிப்பது எங்கே?

விமானத்தில் இந்தப் பெயரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதலாவது பயணிகள் பகுதியில், கதவை ஒட்டிச் சுவரோடு மடங்கி நிற்பது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பணிப்பெண்கள் பெரும்பாலும் நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்களே, அதுதான். எழுந்தவுடன் ஸ்பிரிங் இழுப்பில் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். ஆபத்து என்று எல்லாரும் கதவை நோக்கி ஓடி வரும் நேரத்தில் வழியில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது விமானி அறைக்குள், இரண்டு விமானிகளுக்கும் பின்னால் இருப்பது. போயிங் 737-இல் இதை விரித்தால் கதவுக்கு முன்னால் இருக்கும் ஒரே நடைவழியும் அடைபட்டுப் போகும். உட்கார்ந்தவர் எழுந்து மடக்கினால்தான் மற்றவர் வெளியே போக முடியும். முட்டி இடிக்கும். ஆனால் ஆக்சிஜன் முகமூடி, ஹெட்செட் எல்லாம் அங்கேயும் உண்டு. அரசு ஆய்வாளரும், விமானிகளைச் சோதிக்கும் மூத்த விமானியும் உட்கார்ந்து கவனிக்க வைத்த இடம் இது.

சொல் விமானத்தில் பிறந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் குதிரை வண்டிகளில், தேவைக்கேற்ப நகர்த்தவோ மடக்கவோ முடிகிற கூடுதல் இருக்கைக்கு ஜம்ப் சீட் என்று பெயர். இரண்டு பேர் போகும் வண்டி, இருக்கையைத் தள்ளிப்போட்டதும் நாலு பேர் வண்டி ஆகிவிடும். அதாவது, குதிப்பது இருக்கைதான், உட்காருகிறவர் இல்லை. பிறகு மோட்டார் கார் வந்தது, லண்டன் டாக்சியில் பின்பக்கம் பார்த்து விரியும் மடக்கு இருக்கை வந்தது, அப்புறம் விமானம். இதே சாமானை பிரெஞ்சுக்காரர்கள் ஸ்ட்ராபொன்டான் என்பார்கள். பாரிஸ் மெட்ரோவில் கதவோரம் மடங்கி நிற்கும் இருக்கைக்கும் அதே பெயர்தான்.

இது வரைக்கும் பொருளின் கதை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரே ஒரு வினைச்சொல்லாகவும் ஆகியிருக்கிறது. ஜம்ப்சீட்டிங் என்றால், ஒரு விமானி தன் வேலைக்கோ வீட்டுக்கோ போக, இன்னொரு விமானத்தின் அந்தக் கூடுதல் இருக்கையில் டிக்கெட் இல்லாமல் போவது. அமெரிக்காவில் வீடு ஓர் ஊரிலும் பணித்தளம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியும் வைத்திருக்கும் விமானிகள் ஏராளம். அவர்களின் பிழைப்பே இந்த இருக்கையில்தான் ஓடுகிறது.

இந்த வழக்கம் நமக்குப் புதிதில்லை. தருமபுரி டிப்போவில் டூட்டி முடித்த ஓட்டுநர் ஒருவர், ஓமலூரில் இருக்கும் வீட்டுக்குப் போக ராத்திரி சேலம் வண்டியில் ஏறுகிறார். காக்கிச் சட்டையின் மேல் பட்டன் கழன்றிருக்கும், கையில் காலி டிபன் பை. நடத்துநரிடம் "ஸ்டாஃபுங்ண்ணா" என்று ஒரே வார்த்தை. நடத்துநர் தலையை ஆட்டியதும் முன்னால் போய் ஓட்டுநர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்காருவார். ஊர்க்கதை, டிப்போ கதை எல்லாம் நடக்கும். தொப்பூர் இறக்கம் தொடங்கியதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

விமானத்தில் இந்த மரியாதை அப்படியே எழுத்துச் சட்டமாகியிருக்கிறது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981-இல் விதித்தது. ஜம்ப் சீட்டில் இருப்பவருக்கும் அது பொருந்தும். ஆனால் பக்கத்தில் வேறு விமானம் வருகிறது, விளக்கு ஏதோ எரிகிறது என்றால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கூடுதலாக இரண்டு கண் என்பதால்தான் பல கேப்டன்கள் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மற்ற நடைமுறைகளில் முக்கியமானது கேட்பது. கவுன்டரில் பெயர் எழுதிக்கொண்டாலே இடம் கிடைத்ததாக அர்த்தமில்லை. கேப்டனை நேரில் பார்த்து, பெயரும் நிறுவனமும் சொல்லி, அடையாள அட்டை, உரிமம், மருத்துவச் சான்று எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, "உங்களோடு வரலாமா?" என்று கேட்க வேண்டும். அவர் முடியாது என்றால் முடியாதுதான். எரிபொருள், எடைக் கணக்கு என்று காரணம் இருக்கலாம், சொல்லாமலும் போகலாம். அங்கே நின்று வாதாடுபவரின் பெயர் விமானிகள் வட்டாரத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும். சொந்த நிறுவன விமானிக்கு முன்னுரிமை, மற்ற நிறுவனத்தார் அதற்கப்புறம். பயணிகள் பகுதியில் இடம் காலியாக இருந்து அங்கே அனுப்பினால், காசு கொடுத்தவர்களின் பெட்டிகளுக்கு மேல்தட்டில் இடம் கிடைத்த பிறகே தன் பெட்டியை வைக்க வேண்டும். உடை ஒழுங்காக இருக்க வேண்டும், வாயில் மது வாடை அடிக்கவே கூடாது. தூங்குவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுத் தூங்குவது நல்லது. இறங்கும்போது நன்றி சொல்லாமல் போவது பெரிய குற்றம்.

இவ்வளவு கறார் ஏன் என்றால், அந்த இருக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 1994 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் மெம்பிஸிலிருந்து கிளம்பிய ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில், அதே நிறுவனத்தின் விமானப் பொறியாளர் ஒருவர் இப்படிக் கூடப் பயணித்து, விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த மூன்று பேரையும் சுத்தியலால் தாக்கினார். ரத்தம் வழியவே அவர்கள் போராடி விமானத்தைத் திருப்பி இறக்கினார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அங்கே பிற நிறுவன விமானிகளை அறைக்குள் ஏற்றுவதே நின்றது. ஒருவர் உண்மையிலேயே வேலையில் இருக்கிறாரா, உரிமம் செல்லுமா என்று கணினியில் உடனுக்குடன் சரிபார்க்கும் முறை வந்த பிறகுதான் மறுபடி திறந்தார்கள். அந்தச் சோதனையாலும் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. 2023 அக்டோபர் 22 அன்று எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானத்தில், பணியில் இல்லாத விமானி ஒருவர் ஜம்ப் சீட்டிலிருந்து என்ஜின் தீயணைப்புக் கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார்; அவற்றை முழுக்க இழுத்தால் எரிபொருள் அடைபட்டு என்ஜின் நின்றுவிடும். விமானம் போர்ட்லேண்டில் இறங்கியது.

இன்னொரு கவலை சத்தம் இல்லாதது: களைப்பு. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி, முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் மெம்பிஸ், அங்கிருந்து நியூவார்க் என்று வந்து சேர்ந்தவர். விபத்துக்கு முதல் காரணம் கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் என்று விசாரணை சொன்னாலும், வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வரும் இந்த நீண்ட பயணங்கள் அப்போதுதான் பெரிய விவாதமாகின. நிறுவனமே வேலைக்காக அனுப்பும் பயணம் பணி நேரத்தில் சேரும். சொந்தமாக ஜம்ப் சீட்டில் வருவது சேராது. ஓய்வெடுத்து வந்து நிற்பது விமானியின் பொறுப்பு.

இந்தியாவில் அமெரிக்கா அளவுக்கு இது வழக்கமில்லை. இங்கே இந்தச் சொல் செய்தியில் அடிபட்டது வேறு மாதிரி. 2023 பிப்ரவரியில் துபாய்-டெல்லி ஏர் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த ஒரு தோழியை விமானி தன் அறைக்குள் உட்கார வைத்தார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும், விமானிக்கு மூன்று மாதம் உரிமத் தடையும் விதித்தது. கேப்டனின் சம்மதம் மட்டும் போதாது, உள்ளே வர அனுமதிக்கப்பட்ட ஆளாகவும் இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

சரி, தமிழ்ச் சொல். தாவிருக்கை, குதியிருக்கை இரண்டும் வேண்டாம்; ஒலி நன்றாக இருந்தாலும் பொருள் விளங்காது. மடக்கு நாற்காலி, மடக்குக் கத்தி என்று நாம் ஏற்கெனவே சொல்லுகிற வழியிலேயே மடக்கிருக்கை என்பது பொருத்தம். கேட்ட மாத்திரத்தில் கண்ணில் தெரிகிற சொல். இடம் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பணியாளர் மடக்கிருக்கை, விமானி அறை மடக்கிருக்கை.

பயண வழக்கத்துக்கு மடக்கிருக்கை போதாது. அங்கே மடக்குவது முக்கியமில்லை, கேட்டு வாங்குவதுதான் முக்கியம். அதற்கு இரவல் இருக்கை என்பேன். இர என்னும் வேரிலிருந்து வந்த சொல் இரவல். கேட்டு வந்தவர் இரவலர், கொடுத்துக் காத்தவர் புரவலர். அதியமானின் தகடூரில் இருந்துகொண்டு இந்த இரண்டு சொல்லையும் விளக்கத் தேவையில்லை. இரவல் என்றால் கொஞ்சம் இளக்காரமாகத் தொனிக்கிறதே என்பார்கள். தொனிக்கட்டும். உரிமை இல்லை, தயவு என்பதை அந்தத் தொனிதான் சொல்கிறது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை இந்த விமானிகளுக்கும் உண்டு: ஒரே ஒரு விமானத்தை நம்பிக் கிளம்பி, இடம் கிடைக்காமல் பணிக்கு வராமல் போகிறவர்கள். அதனால்தான் முதல் விமானம் கைவிட்டாலும் அடுத்ததில் நேரத்துக்கு வந்துசேரும்படி கிளம்ப வேண்டும் என்று பல நிறுவனங்களில் நிபந்தனை வைத்திருக்கிறார்கள்.

எழுதும்போது "சென்னைக்கு இரவல் இருக்கையில் போனார்", "பணிப்பெண் மடக்கிருக்கையில் அமர்ந்தார்" என்று தயங்காமல் எழுதலாம். விமானத்துக்குள் பணியில் இருப்பவர்கள் மட்டும் ஜம்ப் சீட் என்றே சொல்லட்டும். ஆபத்து நேரக் கட்டளைகளில் எல்லாரும் ஒரே சொல்லைக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். அங்கே தமிழாக்கத்துக்கு நேரமில்லை.