கூழ்மைத் தடிப்பு: 'அடைப்பு' சொல்லாமல் விட்டது

நீரிழிவு உள்ளவரின் கால் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'அதிரோஸ்கிளீரோட்டிக்' என்ற சொல் அடிக்கடி தென்படும். அதை வீட்டில் 'ரத்தக்குழாய் அடைப்பு' என்று சொல்லிக்கொள்கிறோம். அடைப்பு என்றதும், கழிவுநீர்க் குழாயில் பிசுக்கு படிவது போல ஒரு படம் மனதில் வருகிறது. உண்மையில் கொழுப்பு எதுவும் குழாயின் மேற்பரப்பில் படிவதில்லை. சுவருக்குள்ளேதான் எல்லாம் நடக்கிறது.

இந்த நோயின் பெயர் அதிரோஸ்கிளீரோசிஸ்; தலைப்பில் உள்ள 'கூழ்மைத் தடிப்பு' இதற்கான தமிழ்ச்சொல். அதிரோஸ்கிளீரோசிஸ் என்பது இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. 'அதேரே' என்றால் கூழ். 'ஸ்கிளீரோஸ்' என்றால் கெட்டியானது. தமனி இறுகுவதை மட்டும் சொல்லும் 'ஆர்டீரியோஸ்கிளீரோசிஸ்' முன்பே புழக்கத்தில் இருந்தது. 1904இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஃபெலிக்ஸ் மார்ஷாண்ட் அதில் கூழையும் சேர்த்துப் புதுச்சொல் படைத்தார். நோயுற்ற தமனியை வெட்டிப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். மேலே வெண்மையான, நார் போன்ற மூடி. அதற்கு அடியில் மஞ்சளாக, குழைவாக ஒரு பசை.

இந்தக் கூழ் எங்கிருந்து வருகிறது? தமனியின் உட்புறத்தை ஒரே ஒரு அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கின்றன. சர்க்கரை தொடர்ந்து ஏறியிருந்தால் அந்தச் சுரப்பு குறைகிறது, அடுக்கின் காவலும் தளர்கிறது. 'கெட்ட கொலஸ்டிரால்' எனப்படும் எல்.டி.எல். கொலஸ்டிரால் துகள்கள் உள்ளே நுழைந்து மாட்டிக்கொண்டு ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் வயிறு முட்ட விழுங்கி அங்கேயே மடிகின்றன. மடிந்த செல்களும் கொலஸ்டிராலும் சேர்ந்ததுதான் அந்த மஞ்சள் பசை. மூடி கிழிந்தால் அதன்மேல் ரத்தம் உறைகிறது. நாம் பயப்படும் திடீர் அடைப்பு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

சரி, சாப்பாட்டுக்கு இதில் என்ன பங்கு? 'எண்ணெயைக் குறைத்துவிட்டேன்' என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அது பாதி வேலைதான். இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாதபோது, கொழுப்புத் திசு தன் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. கல்லீரல் அவற்றையும், மிஞ்சிய மாவுச்சத்தையும் டிரைகிளிசரைடாக்கி அனுப்புகிறது. அதன் தொடர்ச்சியாக நல்ல கொலஸ்டிரால் குறைகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்கின்றன, சுவருக்குள் நுழைவதும் எளிதாகிறது. ஆகவே மாவும் இனிப்பும் மிகுந்தாலும் கூழ் சேரும். கரையும் நார்ச்சத்து இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது: குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தத்துக்காகக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. எச்பிஏ1சி பரிசோதனை, ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறது. அதே ஒட்டல் தமனிச் சுவரின் கொலாஜன் புரதத்திலும் நடந்து, சுவரை விறைக்க வைக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். 'பெருந்தமனித் தடிப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். பெருந்தமனி என்றால் இதயத்திலிருந்து கிளம்பும் மிகப் பெரிய தமனியான அயோர்ட்டா மட்டுமே. இந்த நோயோ இதயம், கழுத்து, கால் தமனிகளிலும் வரும். அதனால் அந்தப் பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை. 'தமனிக் கூழ்மைத் தடிப்பு' என்பதே பொருத்தம்: எங்கே, எதனால், என்ன ஆகிறது என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது. 'தமனி', ஊதுவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த வடசொல். கிரேக்க 'ஆர்டீரியா'வும் முதலில் மூச்சுக்குழாயைக் குறித்ததுதான். தனித்தமிழ் வேண்டுவோர் 'குருதிக்குழாய்' என்று தொடங்கலாம், ஆனால் அது சிரைகளையும் சேர்த்துக்கொள்ளும்.

விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நீரிழிவு உண்டாக்கும் சேதத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. அங்கே நுண்குழாய்களின் செல்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடிச்சவ்வுதான் தடிக்கிறது, கூழ் சேர்வதில்லை. அதை 'நுண்குழாய் நோய்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.