'எல்லாம் நெகட்டிவ்' என்று வந்த நுரையீரல் புற்றுநோய் ரிப்போர்ட்: இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது

"டாக்டர், எல்லாமே நெகட்டிவ்னு வந்திருக்கு. அப்போ நல்லதுதானே?"

ரிப்போர்ட்டை நீட்டியபடி இப்படிக் கேட்டவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பீடி, சிகரெட் வாசனையே அறியாதவர். விடாத இருமலுக்கு ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் கட்டி தெரிந்தது. பயாப்ஸி ஸ்லைடைப் பார்த்து அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று சொன்னதே நான்தான். அப்புறம் வெளியே ஒரு லேபில் மூன்று மரபணுக்களுக்குப் பரிசோதனை செய்திருந்தார்கள். இஜிஎஃப்ஆர் நெகட்டிவ். ஏஎல்கே நெகட்டிவ். ராஸ்-1 நெகட்டிவ்.

டிபி, டெங்கு, கொரோனா என்று எதற்குச் சோதித்தாலும் நெகட்டிவ் வந்தால் சாமிக்கு நன்றி சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே கதை வேறு. புற்றுநோய் என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. குறிவைத்துத் தாக்கும் மாத்திரைக்குக் கட்டியில் ஒரு பிடி கிடைக்குமா என்று தேடுவதுதான் மரபணுப் பரிசோதனை. நெகட்டிவ் என்றால் தேடிய இடத்தில் பிடி கிடைக்கவில்லை. எங்கே தேடினார்கள், எதைக் கொண்டு தேடினார்கள் என்று கேட்க வேண்டும். இருபது வருடமாக மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பேத்தாலஜிஸ்டாக, அதாவது திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவராக, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

வீட்டுப் பத்திரத்தை யாரும் கையில் வைத்துக்கொண்டு அலைவதில்லை. அதைப் பீரோவில் பூட்டிவிட்டு, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்த்தான் காரியத்தைப் பார்ப்போம். செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். டிஎன்ஏ என்பது பத்திரம். வேலை நடக்க வேண்டிய மரபணுவை மட்டும் ஆர்என்ஏவாக நகல் எடுத்து, அந்த நகலைப் படித்துப் புரதம் செய்கிறது செல். இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். கல்லீரல் செல்லிலும் நுரையீரல் செல்லிலும் ஒரே பத்திரம்தான் இருக்கிறது. எடுக்கும் நகல்கள் வேறு. டிடிஎஃப்-1 என்று ஒரு புரதம் உண்டு. நுரையீரலிலும் தைராய்டிலும் இது முக்கியமாக வெளிப்படும். நெஞ்சில் இருக்கும் கட்டி நுரையீரலிலேயே முளைத்ததா, வேறெங்கிருந்தோ பரவி வந்ததா என்று குழப்பம் வந்தால் இதற்கான சாயத்தைத்தான் நான் முதலில் போட்டுப் பார்ப்பேன். உட்கருக்கள் வரிசையாகக் காபிப்பொடி நிறத்தில் தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, நகல் எடுத்ததும் அதை அப்படியே படிக்க முடியாது. நடுநடுவே இன்ட்ரான் எனப்படும் தேவையில்லாத நீளங்கள் கிடக்கும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, எக்ஸான் எனப்படும் தேவையான துண்டுகளை வரிசையாக ஒட்ட வேண்டும். இந்த வெட்டி ஒட்டும் வேலைக்குப் பெயர்தான் ஸ்பிளைசிங். 1977-ல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. 1993-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எங்கே வெட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு இன்ட்ரானின் இரு முனைகளிலும் அதற்கான அடையாள எழுத்துகள் இருக்கின்றன. அந்த அடையாளம் கெட்டுப்போனால் பக்கத்தில் இருக்கும் எக்ஸானும் சேர்ந்தே வெட்டுப்பட்டுப் போகலாம்.

நுரையீரல் புற்றுநோயில் இதற்கு மெட் என்ற மரபணுவை உதாரணமாகச் சொல்வேன். 'வளர், பிரி, நகர்' என்ற சேதியை வெளியிலிருந்து வாங்கிச் செல்லுக்குள் அனுப்பும் புரதம் அது. காயம் ஆற, திசு புதுப்பிக்க அது தேவை. வேலை முடிந்ததும் சிபிஎல் என்ற இன்னொரு புரதம் வந்து அதற்கு ஓர் அடையாளச் சீட்டை ஒட்டும். சீட்டு ஒட்டப்பட்ட மெட்டைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். சிபிஎல் வந்து பிடிக்கும் இடம் 14-ஆம் எக்ஸானில் இருக்கிறது.

"பால் பொங்கும்வரை அடுப்பை எரியவிடு" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அதில் 'பால் பொங்கும்வரை' மட்டும் விழுந்துவிட்டால்? "அடுப்பை எரியவிடு." இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம்தான். கேட்பவருக்குச் சந்தேகமே வராது, அடுப்பும் அணையாது. 14-ஆம் எக்ஸானின் நீளம் 141 எழுத்து. மரபணு மொழி மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. 141 மூன்றால் மீதியின்றி வகுபடும் எண் என்பதால், அந்தத் துண்டு முழுதாக விழுந்தாலும் மிச்ச வாக்கியம் குழறாது. 47 அமினோ அமிலம் குறைந்த, மற்றபடி நன்றாக வேலை செய்கிற ஒரு மெட் புரதம் உருவாகிவிடும். அணைக்கும் குறிப்பு மட்டும் அதில் இருக்காது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இது எத்தனை பேருக்கு இருக்கும்? அமெரிக்காவில் 230 நுரையீரல் அடினோகார்சினோமா கட்டிகளை அலசி 2014-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதில் 10 கட்டிகளில் 14-ஆம் எக்ஸான் விடுபட்டிருந்தது. நூற்றுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களிடம் இது கூடுதலாகத் தென்படுகிறது. "இந்த வயசுல இத்தனை டெஸ்ட் எதுக்கு?" என்று சலித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். கீமோவைத் தாங்காத உடம்புக்குத்தான் மாத்திரை அதிகம் தேவைப்படுகிறது.

மாத்திரையும் வந்திருக்கிறது. 2020 மே மாதம் அமெரிக்காவில் கப்மாட்டினிப் அனுமதி பெற்றது. இந்த மாற்றம் உள்ளவர்களில் அதுவரை எந்தச் சிகிச்சையும் எடுக்காத 28 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 19 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. வேறு சிகிச்சை எடுத்துப் பலன் கிடைக்காத 69 பேரில் 28 பேருக்குச் சுருங்கியது. அடுத்த ஆண்டே அங்கு அதே வகை மாத்திரையான டெபோட்டினிப்பும் வந்தது. விலை பெரிய மலைதான். மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் உண்டா, பழைய மருந்தான கிரிசோட்டினிப் உங்கள் நோயாளிக்குப் பொருந்துமா என்று ஆன்காலஜிஸ்டிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். பல லேப்கள் டிஎன்ஏவை மட்டும்தான் பார்க்கின்றன. மெட் மரபணுவில் அடையாள எழுத்துகள் கெடுவது ஒரே மாதிரி நடப்பதில்லை. ஒருவருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும், இன்னொருவருக்குப் பத்து எழுத்து காணாமல் போயிருக்கும், எக்ஸானுக்கு முன்பும் இருக்கலாம், பின்பும் இருக்கலாம். சில மரபணுக்களை மட்டும் சேர்த்துப் பார்க்கும் சின்னப் பேனல்களின் பார்வை அந்த ஓரங்களுக்குப் போகாமலே விட்டுப்போவதுண்டு. மூன்று நான்கு மரபணு மட்டும் பார்க்கும் பரிசோதனையில் மெட் என்ற பெயரே இருக்காது. ஆர்என்ஏவில் பார்த்தால் சங்கதி எளிது. காரணம் எதுவாக இருந்தாலும் 13-ஆம் எக்ஸான் நேராக 15-ஆம் எக்ஸானில் ஒட்டியிருக்கும். ஏஎல்கே, ராஸ்-1 போன்றவை வேறு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் மரபணு இணைவுகளும் ஆர்என்ஏவில் தெளிவாகத் தெரியும்.

ஆனால் ஆர்என்ஏ பூப்போல. சீக்கிரம் வாடிவிடும். திசுவை எடுத்த கையோடு, அது கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும், நாள்கணக்கில் அதிலேயே ஊறவும் விடக்கூடாது. ஒரு பொங்கல் சமயம், வெளியூரிலிருந்து ஒரு பயாப்ஸி வந்தது. விடுமுறைக்கு முதல் நாள் எடுத்தது, ஐந்தாறு நாள் ஃபார்மலினில் கிடந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. ஸ்லைடில் புற்றுநோய் பளிச்சென்று தெரிந்தது. ஆர்என்ஏ மட்டும் தூள்தூளாக இருந்தது. மறுபடி ஊசி போட்டுத் திசு எடுக்க அந்தப் பெரியவரின் மூச்சு இடம் கொடுக்கவில்லை. அவருக்கு அந்த மாற்றம் இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவே இல்லை. இன்றும் பொங்கல் விடுமுறை நெருங்கினால் எங்கள் டெக்னீஷியன்களை நான் பாடாய்ப் படுத்துவேன்.

வெட்டி ஒட்டும் கருவிகளே பழுதாகும் கட்டிகளும் உண்டு. யு2ஏஎஃப்1, ஆர்பிஎம்10 என்ற மரபணுக்கள் அந்த வகை. அவை இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம்தான், ரிப்போர்ட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

அந்த மகனிடம் இரண்டு விஷயம் கேட்டேன். பிளாக் எங்கே? ரிப்போர்ட்டில் ஆர்என்ஏ என்ற சொல் எங்காவது இருக்கிறதா? இல்லை. பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் சின்ன மெழுகுக் கட்டியைத்தான் பிளாக் என்போம். எங்கள் லேபிலிருந்து அம்மாவுக்குச் சிகிச்சை பார்க்கும் மருத்துவமனைக்குப் போன பிளாக் அவர்களிடமே இருந்தது. எழுதிக் கொடுத்தால் பொதுவாக நோயாளிக்குத் தந்துவிடுவார்கள். மறுநாள் அவர் அதை மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். திசு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, போதுமானதாக இருந்தது. ஆர்என்ஏவில் பார்த்தோம். பதின்மூன்றை அடுத்துப் பதினைந்து.

அம்மா இப்போது மாத்திரையில் இருக்கிறார். கால் வீங்கிப் பழைய செருப்பு நுழையவில்லை என்று புகார். இந்த வகை மருந்துக்கு அது வழக்கமாக வருவதுதான், அளவைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருமல் அடங்கியிருக்கிறது.

பிளாக் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மெழுகு இளகிவிடும். கையோடு எடுத்துப் போங்கள்.