ஒயினை யாரும் வடிப்பதில்லை: வைனரி, புரூவரி – சொல் விளக்கம்

பெங்களூரிலிருந்து இரண்டு நாள் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் ஒரு நிறுவனத்தின் தமிழ்த் துண்டறிக்கை ஜனவரி மாதம் என் கைக்கு வந்தது. "வார இறுதியில் நந்தி மலையடிவாரத்து மது வடிப்பாலைகளையும் நகரின் கைவினை மதுக் காய்ச்சகங்களையும் கண்டு களியுங்கள்" என்று அச்சிட்டிருந்தார்கள். திராட்சையிலிருந்து ஒயின் செய்யும் வைனரி என்றால் வடிப்பாலையாம், பீர் செய்யும் கிராஃப்ட் புரூவரி என்றால் கைவினைக் காய்ச்சகமாம். பயணக் கட்டுரைகளிலும் தொலைக்காட்சியில் ஓடும் வரிகளிலும் இந்த இரண்டு சொற்களையும் எத்தனையோ முறை பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. பணம் கட்டிப் பெயர் கொடுத்து, நேரிலேயே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

நந்தி மலைப் பக்கம் பிப்ரவரியில்தான் போக வேண்டும். அப்போது அறுவடை நடந்துகொண்டிருக்கும். நம் தட்பவெப்பத்தில் திராட்சைக் கொடி ஐரோப்பாவில் உறங்குவதுபோல் குளிர்காலத்தில் உறங்காது. அதனால் ஆண்டுக்கு இருமுறை கொடியை வெட்டிக் கவாத்து செய்து, ஒருமுறை மட்டும் ஒயினுக்கான பழம் எடுக்கிறார்கள். 1988இல் கன்வல் குரோவர் தொடங்கிய நிறுவனம்தான் அந்த வட்டாரத்துக்கு வழிகாட்டி. தொட்டபள்ளாபுரம் அருகே இன்றும் குரோவர் ஸாம்பா என்ற பெயரில் நடக்கிறது. அந்தப் பகுதித் தோட்டம் ஒன்றில் எங்களுக்குச் சுற்றிக்காட்டியவர் தருமபுரிக்காரர், இருபத்தைந்து வயதுத் தம்பி.

இரண்டு ஆள் உயர எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றன் மேல் ஏறி மூடியைத் திறந்து காட்டினார். கறுஞ்சிவப்புத் தோல்கள் கெட்டியாக மிதந்து மேலே ஒரு தட்டுப் போட்டிருந்தன. நீண்ட கம்பின் நுனியில் பொருத்திய வட்டத் தகட்டால் அதை அமுக்கினார். அமுங்கிய இடத்தில் ஊதா நிறச் சாறு பொங்கி வந்து நுரைத்து அடங்கியது. நான்கு நாள் புளித்த மாவின் வாசனையும் பழ வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. தொட்டியின் வெளிப்புறத்தில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. சூடு ஏறிவிடாமல் இருக்கக் குளிர்நீர் ஓடும் உறை போட்டிருக்கிறார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர், கையில் அதே துண்டறிக்கையுடன், "தம்பி, காய்ச்சுவது எந்த இடத்தில்?" என்று கேட்டார்.

"ஐயா, இங்கே அடுப்பே கிடையாது" என்றார் அந்தத் தம்பி.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒயின் என்பது லத்தீன் 'வீனும்' என்பதன் வழிவந்தது. திராட்சைக் கொடிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் அதே குடும்பம்தான். புரூ என்பது ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான வேர், பொங்குதல், கொதித்தல் என்ற பொருளுடையது. டிஸ்டில் என்பது லத்தீனில் 'துளித்துளியாக இறங்குதல்'. ஒயின் ஒரு கொடியின் பெயரோடும், புரூ பொங்குதலோடும், டிஸ்டில் துளியோடும் பிறந்த சொற்கள். இவற்றை 'வடிப்பு', 'காய்ச்சல்' என்ற சாராயச் சாக்குக்குள் திணிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வடிப்பாலை என்பதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 'வடித்தல் என்றால் வடிகட்டுதலும்தானே, சோறு வடிக்கிறோமே, ஒயினையும் சக்கையிலிருந்து வடித்துத்தானே எடுக்கிறார்கள்' என்பார்கள். அப்படிப் பார்த்தால் டிகாக்‌ஷன் இறக்கும் ஒவ்வொரு காபிக் கடையும் வடிப்பாலைதான். ஒரு தொழிலுக்குப் பெயர் வைக்கும்போது அதில் நடக்கும் ஏதோ ஒரு சில்லறை வேலையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. எது இல்லாவிட்டால் அந்தத் தொழிலே இல்லையோ, அதைப் பிடிக்க வேண்டும். சாராயத்துக்கு அது வடித்தல். புளித்த நீரைச் சூடாக்கினால் 78 டிகிரியில் கொதிக்கும் சாராயம், 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரை முந்திக்கொண்டு ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்துத் துளியாக இறக்குவதுதான் வடித்தல். அதற்கான கலத்துக்கு வாலை என்று தமிழில் பெயரே இருக்கிறது. ஒயினில் இந்த வேலை எந்த இடத்திலும் இல்லை. இருந்தால் வருவது பிராந்தி.

இன்னொன்று, 'வடி' என்ற சொல் சும்மா கிடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், திக்கம் என்ற ஊரில், பனங்கள்ளை வடித்துச் சாராயம் எடுக்கும் இடத்தைத் திக்கம் வடிசாலை என்கிறார்கள். அங்கே நடப்பது வடித்தல், அதன் பெயர் வடிசாலை. எவ்வளவு கச்சிதமான சொல்! ஏற்கெனவே ஒரு வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும் சொல்லைப் பிடுங்கி, அதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒட்டுவதற்குப் பெயர் மொழிபெயர்ப்பா? சட்டம்கூட வைனரிக்கும் புரூவரிக்கும் டிஸ்டில்லரிக்கும் தனித்தனி உரிமம் கொடுக்கிறது. கலால் துறைக்குத் தெரிந்த வேறுபாடு தமிழில் எழுதுபவருக்குத் தெரியாமல் போவது எப்படி?

காய்ச்சகம் அதைவிட மோசம். 'காய்ச்சுதல்' என்பதைப் பாலோடு சேர்த்தால் ஒரு பொருள், மதுவோடு சேர்த்தால் ஒரே ஒரு பொருள்தான் தமிழ்க் காதில் விழும்: மலையடிவாரத்து மறைவில் கள்ளச்சாராயம். பீரில் காய்ச்சுதல் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. முளைகட்டிய பார்லியைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, இறங்கிய இனிப்பு நீரை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். ஆனால் கொதித்து முடித்ததும் அது பீர் அல்ல, கசப்பான ஒரு கஷாயம். அதை ஆறவைத்து, ஈஸ்டு சேர்த்து, நாள்கணக்கில் புளிக்கவிட்ட பிறகுதான் பீர். காய்ச்சுவது தொடக்க வேலை. பெயருக்கு உரியது புளிக்கவைப்பது.

இந்த நுட்பம் நம் மாவட்டச் செய்தியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். 'கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு' என்று எழுதுவார்கள். பேரலில் வெல்லமும் பட்டையும் போட்டுப் புளித்துக்கொண்டிருப்பது ஊறல். அடுப்பேற்றி வடித்த பிறகே சாராயம். இரண்டையும் அவர்கள் ஒருநாளும் குழப்பியதில்லை. அகராதியைப் புரட்டிச் சொல் செய்பவர்கள்தான் குழப்புகிறார்கள்.

பழந்தமிழுக்குப் போனால் இந்தக் கூச்சமெல்லாம் தீர்ந்துவிடும். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் செய்யும் முறை படிப்படியாக வருகிறது. குத்தாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற பிழா என்ற தட்டில் உலர ஆற்றி, கறையான் புற்றின் புற்றாஞ்சோறு போன்ற நல்லடை என்ற முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வாய் உறுதியான சாடியில் 'வழைச்சு அற விளைந்த' பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். வழைச்சு என்றால் பச்சை வாடை. கிண்டுதல், ஆற்றுதல், கலத்தல், விளைதல், பிழிதல் என்று ஒரு புரூவரியின் வேலை முழுவதும் அதில் இருக்கிறது. புளித்துப் பக்குவமாவதற்குப் புலவர் வைத்த வினை 'விளைதல்' என்பதைக் கவனியுங்கள். திருமுருகாற்றுப்படையும் மூங்கிலில் 'நீடமை விளைந்த தேக்கள் தேறல்' என்கிறது. இப்படி ஒரு சொல் இருக்க, ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டு இருந்ததை 'வயதான ஒயின்' என்று எழுதுகிறார்கள். வயதாவது மனிதனுக்கு. ஒயின் விளையும்.

வைனரிக்கு நான் முன்வைக்கும் சொல் தேறலகம். காரணம் சொல்கிறேன். 'தேறு' என்றால் தெளிதல். கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளிகிறதே, அந்தக் கொட்டைக்குப் பெயர் கொடுத்த வினைதான் இது. ஒயினிலும் கடைசியில் நடப்பது இதுதான். ஈஸ்டும் சக்கையும் வண்டலாக அடியில் படியப் படிய, மேலே தெளிந்ததை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள். பிரான்சில் போர்தோ பகுதியில் முட்டையின் வெள்ளைக்கருவை விட்டுத் தெளியவைப்பது பழைய வழக்கம். நம் தேற்றாங்கொட்டையின் வேலையை அங்கே வெள்ளைக்கரு செய்கிறது. தெளிந்தது தேறல்.

சொல் பொருந்துகிறது என்பது மட்டுமல்ல, வரலாறும் பொருந்துகிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனைப் பார்த்து, 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறலை' பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர நாளும் உண்டு மகிழ்க என்கிறார். மேற்கிலிருந்து கலமேறி வந்த அந்த மது ஒயின்தான். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ஒயின் வந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. வந்து இறங்கிய சரக்குக்கு அந்தக் காலத்துத் தமிழர் 'வீனும்' என்று பெயர் சூட்டவில்லை. தேறல் என்றார்கள். தேனில் விளைந்ததற்கும் அதே பெயர் வழங்கியது உண்மைதான். ஐயம் வரும் இடத்தில் 'திராட்சைத் தேறல்' என்று எழுதினால் போயிற்று.

'ஒயின் என்றே சொன்னால் என்ன, எல்லாருக்கும் புரியுமே' என்று கேட்கலாம். பஸ், டிக்கெட் போன்ற சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒயின் என்ற சொல் தன் பொருளை இழந்துவிட்டது. 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுப்பதற்கு முன்பிருந்தே பிராந்தியும் ரம்மும் விற்கும் கடைக்கு 'ஒயின்ஷாப்' என்று பெயர் நிலைத்துவிட்டது. தருமபுரித் தம்பியிடம், ஊரில் என்ன வேலை என்று சொல்வீர்கள் என்று கேட்டேன். "திராட்சைக் கம்பெனி என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஐயா. ஒயின் என்று சொன்னால் ஒயின்ஷாப்பில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்" என்றார். வேளாண் பட்டயம் படித்துவிட்டு, சாற்றின் இனிப்பை நாளுக்கு மூன்று முறை அளந்து குறித்துவைக்கும் பையன் அவர்.

'திராட்சை ரசம்' என்பாரும் உண்டு. விவிலியத் தமிழில் கானா ஊர்க் கல்யாணத்தின் வழியே வந்த சொல் அது, அங்கே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. வெளியே எடுத்து வந்தால் பழச்சாறு என்றே பொருள்படும். புளிக்காததற்கும் புளித்ததற்கும் ஒரே சொல் உதவாது.

மறுநாள் நகரத்துக்குள், இந்திராநகர்ப் பக்கம் போனோம். உணவகத்துக்குள்ளேயே கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிகளை வைத்து, அங்கே செய்ததை அங்கேயே ஊற்றித் தரும் இடங்கள். ஒரு பிடி மால்ட்டைக் கையில் போட்டு மெல்லச் சொன்னார்கள். வறுத்த கம்பின் மணம், மென்றால் மெல்லிய இனிப்பு. குழந்தைக்கு ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்து மால்ட் செய்யும் எந்தத் தாய்க்கும் அந்தச் சுவை தெரிந்திருக்கும். ஊறிய பிறகு மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகப் போகிறதாம்.

இதைத்தான் துண்டறிக்கை 'கைவினை' என்கிறது. கைவினை என்றால் தமிழில் பத்தமடைப் பாய், தஞ்சாவூர்த் தட்டு, சுவாமிமலைச் சிலை. எஃகுத் தொட்டியும் வெப்பமானியும் கணினித் திரையும் வைத்துச் செய்யும் பீரில் கைவினை எங்கே இருக்கிறது? கிராஃப்ட் என்ற சொல்லின் பழம்பொருளே வலிமை, திறமை என்பது. ஜெர்மனில் 'கிராஃப்ட்' இன்றும் வலிமைதான். மதுத் தொழிலில் அது அளவையும் உடைமையையும் குறிக்கிறது. அமெரிக்காவில் பீர் செய்வோரின் தொழில்முறைச் சங்கம் வகுத்த வரையறைப்படி ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை செய்யலாம். பெருநிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 60 லட்சம் பேரல் என்பது ஏறக்குறைய 70 கோடி லிட்டர். அதைக் கைவினை என்று எழுத எப்படிக் கை வருகிறது?

பெங்களூரில் நான் கண்டவற்றுக்குப் 'பீர்ப் பட்டறை' என்பதே சரியான பெயர். நகைப் பட்டறை, கொல்லுப் பட்டறை என்றதும் நமக்குத் தெரிகிறது: சிறிய இடம், உரிமையாளரே நிற்பார், செய்வதைக் கண்ணால் பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிச் செய்வார்கள். பெரியது ஆலை, சிறியது பட்டறை. பீரை மட்டும் ஏன் தமிழாக்கவில்லை என்று கேட்டால், பார்லியும் ஹாப்ஸும் சேர்ந்த அந்தக் குறிப்பிட்ட பானத்தின் பெயர் தமிழில் பொருள் திரியவில்லை. ஒயினுக்கு நேர்ந்தது பீருக்கு நேரவில்லை.

துண்டறிக்கையின் பின்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பில்லாத ஒயினுக்கு 'உலர்ந்த ஒயின்'. வாயில் கனமாக நிற்பதற்கு 'முழு உடல் கொண்டது'. சுவை பார்க்க வரிசையாக வைக்கும் சின்னச் சின்னப் பீர்க் கோப்பைகளுக்கு, ஆங்கிலத்தில் 'ஃபிளைட்' என்பதால், 'பீர் விமானம்'. எழுதியவர் ஒரு கோப்பையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை, பார்த்த ஒருவரிடம் கேட்கவும் இல்லை என்பது இந்த மூன்றிலேயே தெரிகிறது. இனிப்பற்றது, கனத்தது, சுவை வரிசை என்று எழுத எவ்வளவு நேரமாகும்? தமிழில் சொல் இல்லை என்று இவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. தேடுவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுகிறார்கள்.

திரும்பும் ரயிலில் அந்த முதல் வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் வேறு எழுதி, அதைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன்: "சனிக்கிழமை நந்தி மலையடிவாரத் தேறலகங்கள், ஞாயிற்றுக்கிழமை நகரத்துப் பீர்ப் பட்டறைகள். திராட்சை விளைவதையும் தேறல் விளைவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்."