மதிப்பெண் கூடியது, வாசல் தாண்டினாரா?

கொடைக்கானல் மலைச்சரிவில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மிளகுப் பறிப்பு தொடங்கிவிட்டால் என் மனம் நிம்மதியாக இருப்பதில்லை. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறுகிறவர் தவறி விழுந்து தண்டுவடம் நசுங்கினால், இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விடலாம்.

இப்படி அடிபட்டவர்கள் அன்றாடச் செயல்களை எவ்வளவு தாங்களே செய்கிறார்கள் என்று அளக்க, மறுவாழ்வுச் சிகிச்சையில் 'ஸ்கிம்' (SCIM) என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். மொத்தம் 100. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவதற்கு 20, மூச்சுக்கும் சிறுநீர், மலம் கழிப்பதற்கும் சேர்த்து 40, நடமாட்டத்துக்கு 40. கழிவறை விஷயத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பது மிகவும் சரி. சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைத் தானே போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்தான் தைரியமாக பஸ் ஏறுவார்.

ஆனால் இந்த மதிப்பெண்ணை நாங்கள் போடுவது பெரும்பாலும் மருத்துவமனையின் சமதளத்தில். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே எழுபது மதிப்பெண்ணை நெருங்கினார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் துணையின்றி மாறுவார். அவருடைய வீடோ சாலைக்குக் கீழே, சரிவில். ஏறிவரக் கருங்கல் படிகள்தான். இரண்டு பேர் தூக்க வேண்டும். தினமும் யாரைக் கூப்பிடுவது என்று கூசி உள்ளேயே இருந்துவிட்டார். வத்தலக்குண்டில் தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீரை மனைவி கையில் கொடுத்தனுப்பிவிட்டு இவர் வீட்டில் படுத்திருந்தார். அந்த இழப்புக்கு ஸ்கிம்மில் கட்டம் கிடையாது.

அதற்கு வேறு அளவுகோல்கள் உண்டு. வெளியுலகில் எவ்வளவு கலந்து வாழ்கிறார் என்பதை அளக்கும், 1992-இல் வெளியான 'சார்ட்' (CHART) கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறீர்கள்? வாரத்தில் எத்தனை நாள் வெளியே போகிறீர்கள்? கடந்த மாதம் முன்பின் தெரியாத எத்தனை பேரிடம் நீங்களாகப் பேச்சுக் கொடுத்தீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் பதில் சொல்லாமல் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் மிக முக்கியம். வீடு திரும்பி ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைக் கேட்டே ஆக வேண்டும். வீட்டிலேயே, அந்தப் படிகளைப் பார்த்தபடி கேட்க வேண்டும்.

பதிலில் வரும் எண்கள் குறைந்தால் உடனே உடற்பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை; வழியைப் பாருங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. இவர் வீட்டுக்கு உயர வித்தியாசம் பத்தடி, ஆக 120 அடி. நேராக வெட்ட இடமில்லை. பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர் தம் நிலத்தின் ஓரத்தை விட்டுக்கொடுத்தார். வளைத்து வளைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் சமதளம் விட்டு மண்பாதை போட்டார்கள். இப்போது மழை இல்லாத நாட்களில் அவரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு டீக்கடை வரை வருகிறார். ஐப்பசி மழைக்கு மண் தாங்காது. சிமெண்ட் போட்டுத் தரச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம்.