அடீனியம் தூங்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஓசூரில் என் நர்சரியில் விற்பனையைவிட வைத்தியம்தான் அதிகம் நடக்கும். வருவதில் பாதி, பாலைவன ரோஜா என்று சொல்லும் அடீனியம் செடி. போன மழைக்கு பாலக்கோட்டிலிருந்து ஓர் அக்கா தொட்டியை உரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். "இலையெல்லாம் பழுத்துக் கொட்டுது தம்பி. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன், தேறவே மாட்டேங்குது." அடித்தண்டை அமுக்கினேன். கனிந்த வாழைப்பழம் மாதிரி கட்டைவிரல் உள்ளே போனது.

அடீனியம் என்ற பெயரே ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தை ஒட்டி வந்தது என்பார்கள். அரேபியா, ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களும் சொகோத்ரா தீவின் பாறைச் சரிவும்தான் அதற்குச் சொந்த ஊர். ஏடனில் வருஷத்துக்கே சுமார் 50 மில்லிமீட்டர் மழைதான். நம் பக்கம் ஒரே ராத்திரியில் அவ்வளவும் கொட்டிவிடும். பருத்த அந்த அடித்தண்டு அது தனக்குக் கட்டிக்கொண்ட தண்ணீர்த் தொட்டி.

மார்கழியில் ஓசூர் குளிருக்கு இலையை உதிர்த்துவிட்டு அது தூங்கப் போகும். வாடுகிறதென்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். உறிஞ்ச ஆளில்லாத தண்ணீர் வேரை அழுக வைக்கும். தருமபுரிப் பக்கம் குளிர் அவ்வளவு இல்லை, அங்கே மழைதான் எமன். மழைக்காலத்தில் சன்ஷேடுக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. வண்டியில் ஏற்ற லேசாக இருக்குமென்று தேங்காய் நார்த்தூளில் நட்டு விற்கிறோம். அது நாள் கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். வாங்கியதும் ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் தொழு உரம் கலந்து மாற்றிவிடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

அக்காவின் செடியில் அழுகலைச் சீவச் சீவ, பாதித் தண்டு போன பிறகுதான் வெள்ளைச் சதை தெரிந்தது. இந்த வேலைக்குக் கையுறை கட்டாயம். இது அரளிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் இதன் சாற்றை அம்பு நுனியில் விஷமாகத் தடவியிருக்கிறார்கள். ஆடு கட்டும் இடத்திலும் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம். வெட்டிய இடத்தில் பூஞ்சாணக்கொல்லி தடவி, பத்து நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் நட்டுக் கொடுத்தேன்.

மாசியில் அக்கா போன் செய்தார். "உச்சியில பச்சையா ரெண்டு துளிர் தெரியுது தம்பி. இப்பவாவது தண்ணி ஊத்தலாமா?"

அரை டம்ளர் மட்டும் என்றேன்.