அழகான படத்தில் அடையாளம் தொலைகிறது

குளிர்காலம் வந்தால் ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கானமயிலை (கிரேட் இந்தியன் பஸ்டர்டு) பார்ப்பதுதான் முதல் ஆசை. அது கண்ணில் பட்டதோ இல்லையோ, ஊர் திரும்பும்போது மெமரி கார்டு முழுக்க மணல் நிறத்தில் சின்னச் சின்னப் பறவைகள் இருக்கும். அங்கே பறவைப் படப் பயிற்சி நடத்துகிற எனக்கு அப்புறம் ஓயாமல் வரும் கேள்வி: "சார், இது எந்த வீட்டியர்?" அந்தச் சின்னப் பறவைகளில் ஒரு வகைதான் வீட்டியர் (wheatear), அதில் பல இனங்கள் உண்டு.

பல நேரம் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. படம் மோசம் என்பதல்ல காரணம், தேவைக்கு மேல் அழகாக இருக்கிறது! பொன்வெயில், எருக்கஞ்செடியின் உச்சி, நேராக நம்மைப் பார்க்கிற பறவை. லைக்குகள் குவியும். ஆனால் வால் எங்கே?

ஆண் டெசர்ட் வீட்டியருக்குக் கறுப்புத் தொண்டை உண்டு, அதில் குழப்பமில்லை. சிக்கல் பெண் பறவையிடம்தான். அதையும் இசபெல்லைன் வீட்டியரையும் முன்பக்கமாக மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். பறக்கும்போது வாலைப் பாருங்கள். டெசர்ட்டுக்கு வெள்ளை பிட்டத்தோடு நின்றுவிடும், வால் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. இசபெல்லைனுக்கு வாலின் அடிப்பகுதியும் வெள்ளை, நுனிப் பக்கம்தான் அகலமான கறுப்புப் பட்டை. வேரியபிள் வீட்டியரில் வெள்ளை இன்னும் நீளமாக இறங்கும். வாலோரம் துருநிறமாக இருந்தால் ரெட்-டெயில்டு. உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டுப் படம் கிடைத்தால் இறக்கையைக் கவனிக்கலாம். இசபெல்லைனின் இறக்கை முதுகின் நிறத்தோடு கலந்துவிடும், முன்விளிம்பில் மட்டும் சின்னக் கறுப்புத் திட்டு தெரியும். பெண் டெசர்ட்டின் இறக்கை முதுகைவிடக் கருமையாக இருக்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியோ அதைவிட வேகமாகவோ வைத்துக்கொண்டு, பறவை கிளம்பும் நொடியில் தொடர்ந்து எடுங்கள். மங்கலாக, கோணலாக, பாதி வெட்டுப்பட்டு வரும். பரவாயில்லை. அழிக்காதீர்கள், அந்தக் கோணல் படத்தில்தான் பெயர் இருக்கிறது.

நிறத்தை நம்புவதும் ஆபத்து. உதய வெயிலில் எல்லாப் பறவையும் செம்மண் பூசிக்கொள்ளும். வெயில் ஏறிவிட்டால் வெளிர்ந்துபோகும். கம்ப்யூட்டரில் 'வார்ம்' பக்கம் கொஞ்சம் நகர்த்தினாலும் கதை மாறிவிடும். கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து கானல் கிளம்பும். அதற்கப்புறம் எத்தனை லட்சத்து லென்ஸ் இருந்தாலும் தூரத்துப் பறவையின் இறகு விளிம்பு கரைந்துதான் தெரியும். அந்த நேரத்தில் கேமராவை இறக்கிவிட்டு நடத்தையைக் குறித்துக்கொள்ளலாம். இசபெல்லைன் வெறுந்தரையில் குடுகுடுவென ஓடி, சட்டென்று நெட்டையாக நிமிர்ந்து நிற்கும். டெசர்ட் தாழ்ந்த செடிகளில் உட்கார்ந்து பூச்சி மேல் பாய்வதைப் பார்க்கலாம்.

படத்தைப் பார்த்துப் பறவையின் பெயர் சொல்லும் செயலி சொன்னதை அப்படியே ஒட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். செயலிக்கும் நீங்கள் கொடுத்த படம்தானே தெரியும்? வால் இல்லாத படத்திலிருந்து அது ஊகிக்கத்தான் செய்யும். பறவைப் பார்வைகளைப் பதிவுசெய்யும் இபேர்டு (eBird) தளத்தில் இனம் குறிப்பிடாமல் வெறும் 'வீட்டியர்' என்று பதிவுசெய்ய வழி இருக்கிறது. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இது வெறும் பெயர் விளையாட்டும் அல்ல. இதே பாலைவனப் பகுதியில் தென்படும் இன்னொரு சின்னப் பறவையான ஸ்டாலிச்கா புதர்ச்சிட்டு உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிற பறவை. சூரு மாவட்டத்தின் தால் சாப்பர் சரணாலயத்துக்கு அதைத் தேடியே போகிறார்கள். பழுப்பான பெண் சைபீரியன் ஸ்டோன்சாட்டை அதுவென்று பதிந்தால், எங்கே எவ்வளவு மிச்சம் என்கிற கணக்கே பிசகும். அலகின் நீளம் தெளிவாகத் தெரிகிற பக்கவாட்டுப் படம் இல்லாமல் அந்தப் பெயரை எழுத வேண்டாம்.

கடைசியாக, இந்தப் படங்களுக்காக ஜீப்பைத் தடத்தைவிட்டு இறக்கச் சொல்லி ஓட்டுநரை நச்சரிப்பது எனக்குப் பிடிக்காது. சேவண் என்கிற பாலைவனப் புல் வளரும் வெளி கானமயிலின் வீடு, அது தரையில் முட்டையிடுகிற பறவை. குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். தடத்திலேயே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்து, ஜன்னல் விளிம்பில் மணல் பையை வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். வீட்டியர் பிடித்த இடத்தைச் சுலபத்தில் விடாது. பயந்து பறந்தாலும் பெரும்பாலும் அதே கல்லுக்கோ செடிக்கோ திரும்பி வரும். வந்து இறங்கும்போது வாலை விரிக்கும்.