பால் டெம்பிள் தொடர் தொலைந்த கதையும் உங்கள் வீட்டு கேசட்டுகளும்

பழைய ஸ்பூல் டேப்புகளையும் கேசட்டுகளையும் டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார்கள்: ரேடியோவில் வந்ததை எல்லாம் ரேடியோ நிலையமே பத்திரமாக வைத்திருக்குமே, நாம் பதிந்து வைத்தது போனால் என்ன? அவர்களுக்கு நான் பால் டெம்பிள் கதையைத்தான் சொல்வேன்.

பால் டெம்பிள், பிபிசி வானொலியின் துப்பறியும் நாயகன். போலீஸ்காரர் இல்லை, துப்பறியும் நாவல் எழுதுகிறவர். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டு திணறும்போதெல்லாம் சர் கிரஹாம் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரி இவரிடம்தான் வந்து நிற்பார். 1938 ஏப்ரலில் பிபிசியின் மிட்லண்ட் பகுதி ஒலிபரப்பில் எட்டுப் பகுதிகளாக முதல் தொடர் வந்தது. எழுதிய பிரான்சிஸ் டர்பிரிட்ஜுக்கு அப்போது வயது 25. வைரக் கொள்ளைக் கும்பலால் சகோதரனை இழந்த ஒரு பெண் நிருபர், ஸ்டீவ் என்ற புனைபெயரில் எழுதுகிறவள், அந்தக் கும்பலைத் தேடிக்கொண்டு டெம்பிளோடு சேர்கிறாள், அப்புறம் அவருக்கு மனைவியும் ஆகிறாள். கொலை, கடத்தல், வாராவாரம் ஆபத்தில் முடிகிற கடைசி நிமிடம், எல்லாம் மற்ற தொடர்களிலும் உண்டு. இந்தத் தொடரை 30 வருடம் ஓட வைத்தது அந்தக் கணவன் மனைவி பேசிக்கொள்கிற விதம் என்பது என் எண்ணம். டெம்பிளாக நடித்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1945இலிருந்து ஸ்டீவ் பாத்திரத்தை மார்ஜரி வெஸ்ட்பரி எடுத்துக்கொண்டார், 1954இல் பீட்டர் கோக் டெம்பிளாகச் சேர்ந்தார், 1968இல் வந்த கடைசித் தொடர் வரை இந்த ஜோடிதான். இன்றைக்கும் பால் டெம்பிள் என்றால் ரசிகர்கள் காதில் ஒலிப்பது இவர்கள் குரலும், ரயில் ஓடுகிற தாளத்தில் விவியன் எல்லிஸ் அமைத்த அந்த முகப்பு இசையும்தான்.

இவ்வளவு பேர் கேட்ட தொடர். ஆனால் 1940களில் ஒலிபரப்பானவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. 1938இன் முதல் தொடர்கூட பிபிசியிடம் முழுதாக இல்லை. அந்தக் கதையை நாம் இப்போது கேட்பது 1940இல் கனடா வானொலி தனியாகத் தயாரித்த பதிவு மிஞ்சியதால்.

எப்படிப் போனது? தீ விபத்தும் இல்லை, திருட்டும் இல்லை. அந்தக் காலத்தில் நாடகம் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு, நடிகர்கள் மைக் முன்னால் நின்று நடிப்பார்கள், அது காற்றோடு போய்விடும். பதிவு செய்தாலும் இசைத்தட்டுக்குச் செலவு, வைக்க இடமில்லை. காந்த நாடா வந்த பிறகு இன்னொரு ஆபத்து சேர்ந்துகொண்டது: அதை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஒரு துப்பறியும் நாடகத்தை 50 வருடம் கழித்து யாராவது கேட்பார்கள் என்று நினைத்துப் பார்க்க அன்று காரணமே இல்லை. மக்கள் மறுபடி கேட்டால் மறுபடி நடித்தார்கள், அவ்வளவுதான். கடைசித் தொடரே 1945இல் வந்த கதையைப் பெயர் மாற்றித் திரும்ப நடித்தது.

நல்ல வேளை, எழுத்துப் பிரதிகள் பிழைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு 2006இலிருந்து 2013 வரை, தொலைந்துபோன ஐந்து தொடர்களை பிபிசிக்காக கிளாஸ்கோவில் பேட்ரிக் ரெய்னர் மறுபடி தயாரித்தார். கிராஃபோர்ட் லோகன் டெம்பிள், ஜெர்டா ஸ்டீவன்சன் ஸ்டீவ். பழைய காலத்து மைக்குகள், பழைய முறையில் ஒலி விளைவுகள், பேச்சு நடைகூட 1940களுடையது. மிகுந்த மரியாதையோடு செய்த வேலை, நான் திரும்பத் திரும்பக் கேட்பது. ஆனாலும் 1940களில் முதலில் நடித்தவர்களின் குரல் அதில் இல்லை. ஜெர்மனியிலும் இதே கதைதான்: ரெனே டெல்ட்கன் டெம்பிளாக நடித்த தொடர்கள் அங்கே தெருவையே காலியாக்கின என்பார்கள், பிந்தையவற்றைப் பாதுகாத்தும் வைத்தார்கள், முதல் தொடர் மட்டும் போயே போய்விட்டது.

உங்கள் வீட்டு டேப்பும் இதே வழியில்தான் போகும். யாராவது மேலே பாட்டைப் பதிந்துவிடுவார்கள், அல்லது பரணில் கிடந்து தானே கெடும். அதனால் சில விஷயங்கள் சொல்கிறேன். டேப் எப்படி இருக்கிறது என்று பார்க்க உடனே பிளேயரில் போட்டு ஓட்டாதீர்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அது பிளேயருக்குள் போய் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். ஸ்பூல் டேப்பில் வினிகர் வாசனை வந்தால் அது அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன நாடா சிதைகிற அறிகுறி, தள்ளிப்போட நேரமில்லை, அதை மற்ற டேப்புகளிடமிருந்து தனியாக எடுத்து வையுங்கள். 1970, 80களின் சில பாலியெஸ்டர் டேப்புகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓடும்போது கிறீச்சிடும். குறைந்த சூட்டில் பல மணி நேரம் உலர்த்தினால் தற்காலிகமாக ஓடும் என்று இணையத்தில் படித்துவிட்டு வீட்டு அடுப்பில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அசிடேட் டேப்பை அப்படிச் சுட்டால் மீட்க வழியே இல்லை. ரீலின் பக்கவாட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரிவது அசிடேட், தெரியாதது பாலியெஸ்டர்.

மாற்றிக் கொடுக்கும் கடையில் எம்பி3 மட்டும் வாங்கி வராதீர்கள். 24 பிட் வேவ் (WAV) கோப்பு, அதாவது ஒலியைச் சுருக்காமல் வைப்பது, கேளுங்கள், இரைச்சல் நீக்காத மூலப் பதிவும் வேண்டும் என்று சொல்லுங்கள். சுத்தம் செய்வதை இன்னும் நல்ல கருவி வரும்போது மறுபடி செய்துகொள்ளலாம், நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிரதிகளை ஒரே வீட்டில் வைக்காமல் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமோ தங்கையிடமோ ஒன்று கொடுத்து வையுங்கள். கனடாவில் ஒன்று இருந்ததால்தானே அந்த முதல் கதை நமக்குக் கிடைத்தது. மாற்றிய பிறகும் டேப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்றைக்கே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. கேசட்டின் பின் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் தவறிப்போய்ப் பதிய முடியாது. அப்புறம் பேசுவது யார், எந்த வருடம், எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள், அந்தக் குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே.